எங்கள் ஊர்த் திடலைத் திறந்துவிடுங்கள்

எங்கள் ஊராட்சியை நிர்வகிப்பவர்களுக்கும், திடலைப் பூட்ட ஒப்புதல் கொடுத்த அலுவலர்களுக்கும்,

ஊர்த் திடலின் கேட்டில் பூட்டு விழுந்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. அன்று விடியற்காலை, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், வழக்கம்போல நடக்கப் போனோம். உள்ளே ஜல்லிக் குவியல், அதன் பக்கத்தில் அடுக்கடுக்காகக் குடிநீர்க் குழாய்கள். கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பணி முடியும்வரை பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது. என்ன பணி, எந்தத் தேதியில் முடியும், யாரிடம் கேட்பது, ஒன்றும் அதில் இல்லை. பதினாறு பேர் வெளியே நின்றோம். பன்னிரண்டு பேர் பெண்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிவிட்டோம்.

மூன்று முறை நேரில் வந்து கேட்டோம். ஒரு முறை மனு எழுதிக் கொடுத்தோம். எழுத்தில் பதில் வரவில்லை. வாய்வார்த்தையாக இரண்டு பதில் கிடைத்தது. "இவ்வளவு நீளத்துக்குக் கடற்கரை கிடக்கு, அங்க நடங்க" என்பது ஒன்று. "கடல் தொழில் பாக்குற ஊருக்கு எதுக்குங்க தனியா உடற்பயிற்சி?" என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னவர் எங்களை மட்டம் தட்டச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். எங்கள் ஊரிலும் நிறையப் பேர் அப்படி நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2003-ல் இந்த ஊரில் மருந்துக்கடை திறந்தேன். அப்போது கடையில் அதிகம் போனது காய்ச்சல் மாத்திரை, குழந்தைகளுக்கான சளி மருந்து, காயத்துக்குப் போடும் களிம்பு, தலைவலித் தைலம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் ஒரு தட்டில் அடங்கின. வாங்க வருகிறவர்களும் அறுபதைத் தாண்டியவர்கள். இன்று அந்த மாத்திரைகளுக்கு மட்டும் ஒரு முழு அலமாரி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூடச் சர்க்கரை மாத்திரையை மெட்ஃபார்மின் என்று பெயர் சொல்லித் திருத்தமாகக் கேட்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர்கள் கடலிலிருந்து வந்த கையோடு சீட்டை நீட்டுகிறார்கள். என் கடைக்கு அது வியாபாரம்தான். ஆனால் இவர்களில் பலரை அரைக்கால் சட்டையில் அந்தத் திடலில் ஓடிய பையன்களாக எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்தக் காசை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

என் அப்பா கரைவலை இழுத்தவர். வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை அது. அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடலைவிட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு நடந்தே போய் விற்றுவிட்டு நடந்தே திரும்புவார். அதை ஒரு பொற்காலமாகக் காட்ட நான் வரவில்லை. அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் குடலிறக்கம் வந்துவிட்டது, முதுகு நிமிரவே இல்லை. ஆனாலும் உடம்புக்குத் தேவையான அசைவு அவர்கள் தொழிலுக்குள்ளேயே இருந்தது. தனியாக நேரமோ இடமோ அதற்குத் தேவைப்படவில்லை.

இன்று நிலைமை என்ன? எங்கள் ஆட்களில் பாதிப்பேர் விசைப்படகில் போகிறவர்கள். வலையை வின்ச் எந்திரம் இழுக்கிறது. வள்ளத்தில் துடுப்பு இருந்த இடத்தில் மோட்டார். போகிற நேரமும் வருகிற நேரமும் உட்கார்ந்தே கழிகிறது. நடுவில் வலை ஏறும்போதும், கரையில் ஐஸ் பெட்டி இறக்கும்போதும் மட்டும் முதுகை முறிக்கிற பாரம். இரவெல்லாம் விழிப்பு, அதைத் தாங்க இனிப்பு டீ, கரைக்கு வந்ததும் பரோட்டா. மீன் விற்கும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, அந்தக் கூடையை இனி யாரும் தலையில் சுமக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுக்காரர்களுக்கு இந்தக் கொஞ்ச அசைவும் கிடையாது. கையில் காசும் இருக்காது. "அஞ்சு மாத்திரை மட்டும் குடுங்கண்ணே, மிச்சத்த அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பதை அந்த இரண்டு மாதமும் தினமும் கேட்கிறேன். மாத்திரையை நாள் விட்டு நாள் போடுகிறவர்கள் யார் யார் என்று என் கடன் நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

கடல் வேலையே உடற்பயிற்சிதானே என்ற கேள்விக்கு இனி வருகிறேன். 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. வந்தவர்களில் உயிர் போனதும் டிரைவர்களிடம்தான் அதிகம். எங்கள் ஊரில் வின்ச்சும் மோட்டாரும் வந்த பிறகு கண்டக்டர்கள் எல்லாம் டிரைவர்கள் ஆகிவிட்டார்கள்.

சரி, பாரம் தூக்குகிறார்களே என்று கேட்கலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்து நாலாயிரம் பேரை ஏறக்குறைய பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்து, முடிவுகளை 2021-ல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் நடந்தவர்களுக்கும் ஓடியவர்களுக்கும் இதய நோயும் சாவும் குறைவாக இருந்தன. பிழைப்புக்காகக் கடுமையாக உடலால் உழைத்தவர்களுக்கோ அவை கூடுதலாக இருந்தன. காரணம் என்று அவர்கள் சொல்வது எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. பாரம் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது, மணிக்கணக்கில் ஏறியே நிற்கிறது. இடையில் ஓய்வு எடுப்பது உழைக்கிறவன் கையில் இல்லை. கை வீசி அரை மணி நேரம் நடக்கும்போது இதயம் பழகுகிறது, பிறகு ஓய்வு கிடைக்கிறது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைக்கிறவனுக்குப் பயிற்சி இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது என்று இருபது வருடம் கடையில் நின்று பார்த்த பிறகு சொல்கிறேன்.

நடப்பதால் என்ன நடந்துவிடும் என்பதை என் உடம்பிலிருந்தே சொல்கிறேன். 2018-ல் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.1. மருந்து விற்கிறவன் என்பதால் மாத்திரை பற்றி எல்லாம் தெரியும், அதைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "தினமும் முப்பது நிமிஷம் நடக்காம என்கிட்ட வராதீங்க" என்றார். திடலைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் வாரம் நாலு சுற்றிலேயே மூச்சு இரைத்தது. ஒரு வருடத்தில் சராசரி 6.9-க்கு வந்தது, இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டரே நிறுத்தினார். நடை மட்டும் அதைச் செய்யவில்லை, இரவுப் பரோட்டாவையும் விட்டேன். ஆனால் பரோட்டாவை விடும் வைராக்கியமே நடக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கால் தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் இன்சுலினுக்கு உடம்பு கொஞ்சம் நன்றாகப் பணிகிறது. அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள் நிற்கும், அப்புறம் கரைந்துவிடும். அதனால்தான் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாத ஒன்றை நாற்பத்து மூன்று நாள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நான் கடையிலும் வீட்டு மொட்டைமாடியிலும் நடந்து பார்த்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118-ல் இருந்தது, போன வாரம் 164.

வெளிநாட்டுக் கதையெல்லாம் எங்களுக்கு ஒத்துவருமா என்று தோன்றினால், சென்னையிலேயே செய்த ஆய்வு இருக்கிறது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து, இரண்டரை ஆண்டு வாக்கில் கவனித்து, 2006-ல் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். சாதாரண அறிவுரையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தவர்களில் 40 பேருக்கு. மாத்திரைக்குச் சமமாக நடையும் உணவுக் கட்டுப்பாடும் நின்றன. மாத்திரை விற்கிற நான் இதை எழுதுகிறேன், தயவுசெய்து நம்புங்கள்.

இப்போது கடற்கரை. அலுவலகத்திலிருந்து பார்த்தால் அது காலியாகக் கிடப்பதுபோலத் தெரியும். எங்களுக்கு அது தொழில் இடம். வலை காயும், கருவாடு காயும், நங்கூரக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். தூண்டில் முள், உடைந்த பாட்டில், திருக்கை முள் எல்லாம் மணலுக்குள் இருக்கும். வெளிச்சம் கிடையாது. கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் மூட்டு வலி உள்ளவர்களுக்கு வலி கூடுகிறது. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும், முள் ஏறினால்கூடத் தெரியாது. பூட்டு விழுந்த இரண்டாவது வாரம் எங்களோடு நடக்கும் ஓர் அண்ணன் உங்கள் யோசனைப்படி கடற்கரையில் நடந்தார். காலில் ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் வீக்கத்தோடும் நாற்றத்தோடும் என் கடைக்கு வந்தார். கட்டுப் போடுகிற நிலை தாண்டிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ரோட்டில் நடக்கலாமே என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை லாரியும் சுற்றுலா வேனும் வருகிற வேகத்தை நீங்களே பார்க்கலாம். நடைபாதை இல்லை. வெயில் ஏறிய பிறகு நடப்பது இந்த மாவட்டத்தில் ஆகாத காரியம். எங்களுக்கு இருப்பது காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் சமதளமாக, சுற்றுச்சுவரோடு, மூன்று விளக்குகளோடு இருந்த ஒரே இடம் திடல்.

பெண்கள் விஷயத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் எப்படியோ ஒரு இடம் தேடிக்கொள்வார்கள். பெண்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, வீட்டு வேலை முடித்து, தண்ணீர் பிடித்துவிட்டு நடக்க வந்தவர்கள். "இந்த வயசுல என்ன வாக்கிங்?" என்ற பேச்சைத் தாண்டி வந்தவர்கள். முதலில் மூன்று பேர் வந்தார்கள், பன்னிரண்டு ஆக நாலு வருடம் பிடித்தது. இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதிய உடலசைவு இல்லை, ஆண்களில் நூற்றுக்கு 42, பெண்களில் 57 என்று 2024-ல் வெளியான உலகளாவிய கணக்கு சொல்கிறது. அந்த வித்தியாசம் எப்படி உண்டாகிறது என்று நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திடலைப் பூட்டினால் ஆண்கள் இடம் மாறுகிறார்கள். பெண்கள் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

அவர்களில் கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவருக்கு மூட்டு வலி. நடந்தால் மூட்டு தேயும் என்று பயந்திருந்தார். தொடைத் தசை பலமானால்தான் மூட்டின் பாரம் குறையும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் திடல் மேடையில் உட்கார்ந்து செய்வார், பிறகு மெதுவாக நடப்பார். நாலு மாதத்தில் வலி மாத்திரை வாங்குவதைக் குறைத்தார். இன்னொருவரின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு வருடம் அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை, தூக்க மாத்திரை கேட்டு மகனைக் கடைக்கு அனுப்புவார். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் மாதம் யாரிடமும் பேசவில்லை, தலை குனிந்தபடி நடந்தார். அப்புறம் ஒருநாள் அடுத்தவர் சொன்ன எதற்கோ சிரித்தார். எங்கள் எல்லோருக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. நடை மனச்சோர்வைக் குறைக்கும், தூக்கத்தைச் சீராக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். போன வாரம் அவர் மகன் மறுபடியும் கடைக்கு வந்து அதே மாத்திரையைக் கேட்டான்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வயதில் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாலிபால் ஆடியவர்கள் இப்போது கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் ஓட வேண்டிய பையன்கள் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ரோட்டில் ஓடுகிறார்கள். 2024-ல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. எங்கள் ஊருக்கு வந்த பை ஊராட்சி அலுவலகப் பீரோவுக்கு மேலே, கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது.

இதே அரசுதான் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. 2023-ல் நடப்போம் நலம் பெறுவோம் என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைக்குத் திட்டம் போட்டது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் கடற்கரைக் குக்கிராமத்துப் பெண் நடப்பதற்காகப் பஸ் ஏறி அந்தப் பாதைக்குப் போகமாட்டாள். அவளுக்கு அவள் ஊர்த் திடல்தான் நடைபாதை.

குடிநீர்க் குழாய் வேலைக்கு நாங்கள் எதிரி இல்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்கு அலைகிற ஊர் இது, அந்தக் குழாயின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். அதைப் போட்டு வைக்க வேறு இடம் உண்டு. பழைய ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஊராட்சிப் புறம்போக்கு சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, லாரி போய்வரப் பாதையும் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குத் திடல் வசதி, அவ்வளவுதான் காரணம் என்று எங்களுக்குத் தெரிகிறது. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் கேட்பது இவை. கேட்டின் பூட்டை இந்த வாரமே எடுத்து, காலை ஐந்து முதல் ஏழரை வரையும் மாலை ஐந்தரை முதல் எட்டு வரையும் திடலைத் திறந்துவிடுங்கள். ஜல்லியையும் குழாயையும் மாற்ற நாள் பிடிக்கும் என்றால், அதுவரை கிழக்குப் பாதியை மட்டும் கயிறு கட்டிப் பிரித்துக் கொடுங்கள், நடக்க அது போதும். புறம்போக்கில் கருவேலம் வெட்ட ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம். பொருட்களை எடுக்கும் கடைசித் தேதியை எழுதி, கேட்டில் ஒட்டுங்கள்.

அப்புறம், எரியாமல் போன இரண்டு விளக்குகளைச் சரி செய்யுங்கள். விளையாட்டுப் பையைப் பிரித்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், பொறுப்புக்கு இரண்டு பேரை நாங்கள் தருகிறோம். கேட்டின் சாவி ஒன்று நடக்க வரும் பெண்களில் ஒருவரிடம் இருக்கட்டும். இனி எந்த வேலைக்காகவும் ஊரைக் கேட்காமல் திடலை மூடக்கூடாது என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் வைக்க விரும்புகிறோம், அதைக் கூட்டத்தின் பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரமும் ஊர்ச் சொத்தைப் பராமரிப்பதும் அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைப்பதற்கென்று பட்டியலிட்ட பொறுப்புகள், அதனால் இதைக் கிராம சபையில் பேச இடமில்லை என்று சொல்ல முடியாது.

பதிலை எழுத்தில் தாருங்கள். என் கடையில் கொடுத்தால் போதும், காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும்.

திடலில் நடக்கும் பதினாறு பேரின் சார்பாக,
ஊர் மருந்துக்கடைக்காரன்